சூரியனை நம்பி 3 ஆயிரம் கிலோ மீட்டர்!

கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒரு நாள் தந்தையிடம் வந்து, "அப்பா! ஒரு வருடம் நான் வகுப்புக்குப் போகப் போவதில்லை. பரீட்சையும் எழுதப் போவதில்லை. நண்பர்களுடன் சேர்ந்து ஒரு கார் செய்யப் போகிறேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

"செய்து விற்கப் போகிறாயா?" என்று தந்தை கேட்பார்.

"இல்லை. அதை யாரும் வாங்க மாட்டார்கள். ஒரே ஒருவர்தான் உட்கார முடியும். பெட்ரோல் கிடையாது. வெயில் இருந்தால் ஓடும்."

தந்தைக்குக் கோபம் வரும். தாய் கண்ணீர் விடுவாள். "நன்றாகப் படித்துக் கொண்டிருந்த பிள்ளைக்கு என்ன ஆயிற்று?" என்று அக்கம் பக்கத்தில் பேசுவார்கள்.

ஐரோப்பாவில் நெதர்லாந்து என்று ஒரு சிறிய நாடு இருக்கிறது. அங்கே டெல்ஃப்ட் நகரத்தில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உண்டு. அதில் படிக்கும் மாணவ-மாணவிகளில் ஒரு சிறு கூட்டம், படிப்பை ஒரு வருடம் நிறுத்தி வைத்துவிட்டு இந்த வேலையைத்தான் செய்கிறது. பக்கத்து நாடான பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழக மாணவர்களும் இதில் இறங்குகிறார்கள். ஜப்பானில் டோக்காய் பல்கலைக்கழக மாணவர்களும் இறங்குகிறார்கள்.

எதற்காக? ஆஸ்திரேலியாவில் நடக்கும் சூரிய கார் பந்தயத்துக்காக!

இது வேண்டாத வேலையா? வீண் செலவா? அந்த ஒரு வருடம் நஷ்டக் கணக்கில் சேருமா? பந்தயத்தைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு தீர்ப்புச் சொல்வதே நியாயம்.

இஸ்திரிப் பெட்டி அளவு மின்சாரம்

ஆஸ்திரேலியாவின் வட கோடியில் டார்வின் நகரம். தென் கோடியில் அடிலெய்டு நகரம். இரண்டுக்கும் இடையே சுமார் 3 ஆயிரம் கிலோ மீட்டர். அதாவது, ஏறக்குறைய 1,900 மைல். கன்னியாகுமரியில் புறப்பட்டு டெல்லியைத் தாண்டிப் போவதற்குச் சமமான தூரம். ஆனால் வழியில் ஊர்கள் மிகக் குறைவு. கண்ணுக்கு எட்டிய வரை செம்மண் பாலைவனம். நடுவே ஒரே சாலை.

இந்தச் சாலையில் 1987-ம் ஆண்டு முதல் பந்தயம் நடக்கிறது. இப்போது 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை நடத்துகிறார்கள்.

காரின் முதுகில் சோலார் தகடு இருக்கும். வெயில் பட்டால் அதில் மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரம் மோட்டாரை ஓட்டும். மிஞ்சியது பேட்டரிக்குப் போகும். 2017-ம் ஆண்டுப் பந்தயத்தில் தகட்டின் அளவு 4 சதுர மீட்டர்தான் என்று விதி இருந்தது. ஒரு பெரிய இரட்டைக் கட்டிலின் அளவு. உச்சி வெயிலில் அதில் இருந்து கிடைப்பது சுமார் ஆயிரம் வாட் மின்சாரம். வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டிக்கு அது சரியாக இருக்கும்!

அந்த மின்சாரத்தை வைத்துக்கொண்டு டெல்ஃப்ட் மாணவர்கள் 2017-ல் மணிக்கு சராசரி 81 கிலோ மீட்டர் வேகத்தில் பாலைவனத்தைக் கடந்து, முதல் பரிசைப் பெற்றார்கள்.

எப்படி முடிந்தது? காரின் எடை 200 கிலோவுக்கும் குறைவு. காற்று வழுக்கிக்கொண்டு போகும்படி அதன் உடலை இழைத்து இழைத்துச் செய்கிறார்கள். மோட்டாரைச் சக்கரத்துக்கு உள்ளேயே வைத்துவிடுகிறார்கள். ஒரு திருகாணியின் எடையைக் கூட எண்ணிப் பார்க்கிறார்கள்.

ஓட்டுபவர் படும் பாடு கொஞ்சம் அல்ல. காலை நீட்டி, சாய்ந்தபடி ஓட்டவேண்டும். குளிர்சாதன வசதி கிடையாது. உள்ளே அடுப்பங்கரையைப் போலக் கொதிக்கும். "எடை குறைந்த ஆளை உட்கார வைத்து ஜெயித்துவிடலாமே" என்று யாராவது குறுக்கு வழி தேடினால், அதற்கும் விதியில் இடம் இல்லை. ஓட்டுபவர் 80 கிலோவுக்குக் குறைவாக இருந்தால், குறையும் எடைக்கு ஈடாகப் பாரம் ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும். எதிரே லாரிகள் வரும். ஒரே லாரியின் பின்னால் 3 பெட்டிகளைக் கோர்த்திருப்பார்கள். நீளம் 50 மீட்டருக்கு மேல். அது கடந்து போகும்போது அடிக்கும் காற்றில் சூரிய கார் ஆடிப்போகும்.

வேகமா, விவேகமா?

"வெயில் அடித்தால் வேகமாக ஓட்டவேண்டியதுதானே! இதில் என்ன கணக்கு?" என்று கேட்கத் தோன்றும். கணக்குத்தான் எல்லாம்.

வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடும். மணிக்கு 80 கிலோ மீட்டரில் போகும் கார் 100 கிலோ மீட்டரில் போகவேண்டுமானால், காற்றை எதிர்ப்பதற்கு மட்டும் ஏறக்குறைய 2 மடங்கு சக்தி தேவை. அவசரப்பட்டால் பேட்டரி காலி. பயந்துபோய் மெதுவாக ஓட்டினால், அடுத்தவன் முந்திவிடுவான். நாளைக்கு மேகம் வருமா, எந்தப் பக்கத்தில் இருந்து காற்று அடிக்கும், மேடு எவ்வளவு என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, இந்த நிமிடம் எந்த வேகத்தில் போகவேண்டும் என்று முடிவு செய்யவேண்டும். சூரிய காரின் பின்னால் வரும் வண்டியில் சில மாணவர்கள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டபடியே வருவார்கள். ரேடியோ மூலம் உத்தரவு பறக்கும்.

காலை 8 மணிக்குப் புறப்பாடு. மாலை 5 மணிக்கு நிறுத்தவேண்டும். நின்ற இடம்தான் தங்கும் இடம். அங்கேயே கூடாரம். பொழுது சாயும் வரை தகட்டைச் சூரியனுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, மிச்சம் மீதி வெயிலையும் சேர்த்துக்கொள்வார்கள். காலையில் சூரியன் தலை காட்டியதும் திரும்பவும் அதே வேலை. நாலு காசு சம்பாதித்து, அதில் மூன்றை மிச்சம் பிடிக்கும் குடும்பத் தலைவி வெயிலை எப்படிச் செலவு செய்வாளோ, அப்படித்தான் இவர்கள் செலவு செய்கிறார்கள்.

பரீட்சையில் கேட்கும் கேள்விக்கு விடை ஏற்கனவே ஒருவருக்குத் தெரியும். அவர்தான் மார்க் போடுகிறவர். பாலைவனச் சாலை கேட்கும் கேள்விக்கு விடை யாருக்கும் தெரியாது. தப்பான விடை எழுதினால் கார் நடு ரோட்டில் நின்றுவிடும். 20, 22 வயதில் இப்படி ஒரு பரீட்சை எழுதும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கம்பெனிகள் எங்கே?

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் ஹான்ஸ் தோல்ஸ்டிரப். டென்மார்க்கில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய சாகசக்காரர். அவரும், கார் பந்தய வீரர் லாரி பெர்க்கின்சும் 1982-ம் ஆண்டு டிசம்பரில் ஒரு சூரிய காரில் பெர்த் நகரத்தில் இருந்து புறப்பட்டார்கள். சுமார் 4 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடி, 1983 ஜனவரியில் சிட்னி போய்ச் சேர்ந்தார்கள். பயணம் 20 நாட்கள். சராசரி வேகம் ஏறக்குறைய சைக்கிள் வேகம்தான். ஆனாலும், "வெயிலில் கார் ஓடும்" என்பது ருசுவாகிவிட்டது. அதன் பிறகுதான் அவர் இந்தப் பந்தயத்தை ஆரம்பித்தார்.

1987-ல் நடந்த முதல் பந்தயத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி வெற்றி பெற்றது. சராசரி வேகம் மணிக்கு சுமார் 67 கிலோ மீட்டர். 1990-ல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரத்துப் பொறியியல் கல்லூரி வென்றது. 1993-லும் 1996-லும் ஜப்பானின் ஹோண்டா கம்பெனிக்கு வெற்றி. 1999-ல் ஆஸ்திரேலியாவின் அரோரா குழு.

2001-ல் டெல்ஃப்ட் மாணவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு யோசனை சொன்னவர் உப்போ ஓக்கல்ஸ். விண்வெளிக்குப் போய் வந்த நெதர்லாந்துக்காரர். விண்கலங்களில் பயன்படும் உயர்ந்த ரகத் தகடுகளைக் காரில் பொருத்தினார்கள். முதல் முயற்சியிலேயே வெற்றி! அன்று முதல் 2025 வரை, முதலில் வந்து சேர்ந்த கார் எல்லாமே பல்கலைக்கழக மாணவர்கள் செய்த கார்தான்.

கோடி கோடியாகப் பணம் வைத்திருக்கும் கம்பெனிகள் ஏன் ஒதுங்கிக்கொண்டன? வெற்றி பெற்றாகிவிட்டது. பெயரும் வந்துவிட்டது. விற்க முடியாத காரில் இனி என்ன லாபம்? கம்பெனியின் பார்வையில் அது நியாயமான கேள்வி. மாணவனுக்கு அந்தக் கணக்கு இல்லை. அதனாலேயே பந்தயம் அவன் கைக்கு வந்தது.

மாணவர்களுக்கும் பணம் தேவைதான். அதைக் கம்பெனிகளே கொடுக்கின்றன. அதனால் குழுவின் பெயர் அடிக்கடி மாறும். ஊர் அதே, பல்கலைக்கழகம் அதே. காரின் மேல் எழுதும் பெயர் மட்டும் வேறு. "பணக்கார நாட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு" என்று சிலர் குறை சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பணம் ஜெயித்துவிடக் கூடாது என்று பந்தயம் நடத்துபவர்கள் விதிகளை மாற்றிக்கொண்டே இருப்பது பாராட்டத்தக்கது. 2005-ல் டெல்ஃப்ட் கார் சராசரி 102 கிலோ மீட்டரைத் தாண்டிவிட்டது. சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகத்தையே அது நெருங்கியது. உடனே தகட்டின் அளவைக் குறைத்தார்கள். பிறகு இன்னும் குறைத்தார்கள். 2025-ல் தகட்டைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டு, பந்தயத்தை ஆகஸ்டு மாதத்துக்கு மாற்றினார்கள். ஆஸ்திரேலியாவில் அது குளிர்காலம். வெயில் குறைவு!

"நாளைக்கு எல்லோரும் சூரிய காரில் போகப் போகிறோம். அதற்கு இந்தப் பந்தயம் வழி காட்டுகிறது" என்று சிலர் ஆரவாரமாகப் புகழ்கிறார்கள். அதை அப்படியே நம்புவதற்கு இல்லை. நெதர்லாந்தின் ஐன்தோவன் நகரத்து மாணவர்கள் பலர் உட்காரக்கூடிய சூரிய காரைச் செய்து, அந்தப் பிரிவில் 2013 முதல் 2019 வரை 4 முறை வென்றார்கள். அவர்களில் சிலர் லைட்இயர் என்ற கம்பெனியைத் தொடங்கி, கார் விற்கவும் முன்வந்தார்கள். 2022 கடைசியில் உற்பத்தி ஆரம்பம். 2023 ஜனவரியில் உற்பத்தி நின்றுவிட்டது! வெயில் இலவசம். கார் இலவசம் அல்லவே.

பலன் வேறு வழியில் வந்திருக்கிறது. 1987-ல் வென்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார், பின்னால் அந்தக் கம்பெனி செய்த பேட்டரி காருக்கு வழி வகுத்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சூரிய கார் செய்துகொண்டிருந்த மாணவர் ஜீன் பெர்டிசெவ்ஸ்கி, டெஸ்லா கம்பெனியின் முதல் ஊழியர்களில் ஒருவரானார். கார் காட்சிச் சாலைக்குப் போய்விடும். அதைச் செய்த கைகள் வேறு வேலை செய்யப் போகும்.

தீப்பிடித்த கனவு

வெற்றி பெற்றவர்களுக்குச் சரி. தோற்றவர்களின் ஒரு வருடம்?

2019 அக்டோபர் பந்தயத்தை எடுத்துக்கொள்ளலாம். நெதர்லாந்தின் துவெந்தே பல்கலைக்கழக மாணவர்களின் கார் முன்னணியில் போய்க்கொண்டிருந்தது. பக்கவாட்டில் திடீரென்று பலத்த காற்று. கார் சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. ஓட்டியவர் உயிர் தப்பினார். ஆனால் பந்தயம் போயிற்று.

அடுத்து டெல்ஃப்ட் கார் முன்னுக்கு வந்தது. ஏற்கனவே தொடர்ந்து 3 முறை வென்ற பல்கலைக்கழகம். கடைசி நாள். இன்னும் 260 கிலோ மீட்டர் சொச்சம்தான் பாக்கி. காரில் தீப்பிடித்தது! ஓட்டியவர் காயம் இல்லாமல் வெளியே வந்துவிட்டார். கார் எரிந்துபோனது. ஒரு வருட உழைப்பு, சில நிமிடங்களில் சாலை ஓரத்தில் கரிக்கட்டையாகக் கிடந்தது.

பின்னால் வந்துகொண்டிருந்த லூவன் மாணவர்கள் முதல் பரிசை வாங்கினார்கள். 2005 முதல் முயன்று, அவர்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. டோக்காய் கார் சுமார் 12 நிமிடம் பின்தங்கி 2-வதாக வந்தது. 3 ஆயிரம் கிலோ மீட்டருக்கு 12 நிமிடம்!

"லூவனுக்கு அதிர்ஷ்டம்" என்றார்கள் சிலர். அதிர்ஷ்டம் கதவைத் தட்டும்போது பக்கத்தில் இருக்கவேண்டுமே! முன்னால் போகிறவர்களை விட்டுவிடாமல், காரையும் உடைத்துக்கொள்ளாமல், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தொடர்ந்து வந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது. 2023-ல் அவர்கள் திரும்பவும் வென்று, அது வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று காட்டிவிட்டார்கள்.

கார் எரிந்த மாணவர்களின் ஒரு வருடம் வீண் என்று யாராவது சொன்னால், அது அவசரத் தீர்ப்பு. எரிந்தது கார்தான். ஒவ்வொரு முறையும் புதிய மாணவர்கள் வருகிறார்கள். பழைய மாணவர்கள் கற்றதை எல்லாம் அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். தோல்வியும் அந்தச் சொத்தில் சேர்த்தி.

2021-ல் கொரோனா காரணமாகப் பந்தயமே நடக்கவில்லை. 2023-ல் டெல்ஃப்டுக்கு 3-வது இடம். 2025 ஆகஸ்டில், குளிர்கால வெயிலில் ஓடி, முதல் இடம்! பல்கலைக்கழகத்துக்கு இது 8-வது வெற்றி. வென்ற மாணவர்களில் பெரும்பாலோர், 2019-ல் அந்தக் கார் எரிந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக் கொண்டிருந்திருப்பார்கள்.

அடிலெய்டு நகரத்தின் நடுவே விக்டோரியா சதுக்கத்தில் ஒரு நீரூற்று இருக்கிறது. பாலைவனப் புழுதியோடு வந்து சேரும் மாணவர்கள் அதில் குதித்துக் கும்மாளம் போடுவது வழக்கம். உடை நனைகிறதே என்று யாரும் கவலைப்படுவதில்லை. ஊருக்குத் திரும்பியதும், விட்டுப்போன படிப்பை முடிக்கவேண்டும். பரீட்சை காத்துக்கொண்டிருக்கிறது.