அட்டை சொல்லும் சாட்சி

தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டால் அப்பளம் நமுத்துப் போகும். தீக்குச்சி கோபித்துக் கொள்ளும். இது எல்லோரும் அறிந்ததே. இலக்கு அட்டையும் நமுத்துப் போகும் என்பதைக் காற்றுத் துப்பாக்கி பழகும் பிள்ளைகள் உள்ள வீட்டார்தாம் அறிவர்.

குற்றாலத்துச் சீஸன் கடைகளில் பலூன் சுடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வெடித்தால் வெற்றி, வெடிக்காவிட்டால் காசு நஷ்டம். நடுவரே வேண்டியதில்லை. காகித இலக்கைச் சுடுவது அப்படிப்பட்டதன்று. 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் பெற்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ டி ஜெனீரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இந்தப் பத்து மீட்டர்ப் பந்தயத்தில்தான். பெரிய போட்டிகளில் இப்போது மின்னணுக் கருவியே கணக்கிட்டு விடுகிறது. வீட்டுக் கொல்லையில் பழகுகிறவனுக்கோ அட்டை ஒன்றுதான் சாட்சி.

அந்தச் சாட்சியின் நிலைமையைப் பாருங்கள். பத்து மார்க்குக்குரிய நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். ரவையின் அகலம் 4.5 மில்லிமீட்டர். (உப்புமா ரவை அன்று, ஈய ரவை.) புள்ளியைப்போல் ஒன்பது மடங்கு! நன்றாகச் சுட்டால் புள்ளியே காணாமற் போய்விடும். பிறகு துவாரத்தின் விளிம்பை வைத்துத்தான் மார்க்கை நிர்ணயிக்க வேண்டும். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மில்லிமீட்டரே, விளிம்பு கோட்டைத் தொட்டால் மேல் மார்க். ஆகவே ஒரு சிறு கிழிசல் ஒன்பதைப் பத்தாக்கிவிடும்.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் நேர்ந்தது. தம்பியின் அட்டை கந்தலாகக் கிழிந்திருந்தது. "சின்னவன்தானே, பத்து என்றே போடு" என்றார் தகப்பனார். அண்ணன் துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டுப் போனவன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மார்க் போட்டே வயிறு வளர்க்கும் நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. குறைந்த மார்க்கைப் பிள்ளைகள் பொறுப்பார்கள். பட்சபாதத்தைப் பொறுக்க மாட்டார்கள்.

குற்றம் பெரும்பாலும் ரவையில் இருக்கிறது. கூர்முனை ரவையும் உருண்டைமுனை ரவையும் காகித நாரை விலக்கிக்கொண்டு நுழைகின்றன. துவாரம் பிறகு பாதி மூடிக்கொள்கிறது. தட்டைமுனை ரவையோ, கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடுவதுபோல் வட்டமாக வெட்டிச் செல்கிறது. பந்தயக்காரர்கள் அதையே உபயோகிக்கிறார்கள். நோட்டுப் புத்தகத் தாள் உதவாது. வழவழப்பில்லாத கெட்டி அட்டை வேண்டும். அதைக் காற்றில் ஆடும்படி தொங்கவிடாமல், பின்னால் இன்னோர் அட்டையை ஒட்ட வைத்து நான்கு மூலையிலும் இறுக்க வேண்டும். பின் அட்டையில் பள்ளம் விழுந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். ஆதாரமில்லாத காகிதம் கிழியத்தான் செய்யும். அதற்கும் பின்னால், பழைய செய்தித்தாள்களை இறுக்கி அடுக்கிய பெட்டி இருக்கட்டும். சுவரிலோ கட்டையிலோ பட்ட ரவை திரும்பி வரக்கூடும். கண் போனால் வராது.

சாரல் நாட்களில் அட்டைகளை மூடி இறுகிய பிஸ்கட் டின்னில் வைத்து, சுடும் சமயத்தில் ஒவ்வொன்றாக எடுக்கலாம். ஓர் அட்டைக்கு ஒரு குண்டு என்பது செலவுதான். ஆனால் ஐந்து குண்டு ஒரே இடத்தில் விழுந்தால் அது துவாரமாக இராது, ஜன்னலாகிவிடும். அதில் எதை எண்ணுவது?

இவ்வளவு செய்தும் சந்தேகம் வந்தால், கிழிசலைப் பார்க்க வேண்டாம். துவாரத்தைச் சுற்றி ஈயம் பதித்த சாம்பல் நிறக் கறை இருக்கும்; ரவை தொட்ட இடம் அதுவே. துவாரத்தில் செருகி அளக்கும் கருவி உண்டு. நடுவர் அதை ஒரே ஒரு தடவைதான் செருகலாம் என்பது விதி. மறுபடி செருகினால் துவாரம் பெரிதாகிவிடும் அல்லவா? வீட்டில் அது இல்லையென்றால், சுட்டவன் யார் என்று தெரியாத ஒருவரிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். அட்டையின் பின்புறத்தில் பெயருக்குப் பதில் எண் எழுதிவிட்டால் போதும். பரீட்சைக் காகிதத்தில் செய்கிற ஏற்பாடுதானே!

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம்: ரவை ஈயம். சோப்புப் போட்டுக் கை கழுவாத பிள்ளையை முறுக்கு டப்பாவின் அருகே விடாதீர்கள்.