புலி மூன்று, ஆடு பதினைந்து

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுக்குப் புதிதாக வந்து உட்காருகிறவர் காதில் முதலில் விழும் சொல் ‘பேலன்ஸ்’. அந்தச் சொல்லோடு ஒரு தீர்ப்பும் ஒட்டிக்கொண்டே வருகிறது: எல்லாக் கேரக்டரும் ஒரே பலத்தில் இருந்தால்தான் ஆட்டம் நியாயமானது, ஒருவர் கை ஓங்கினால் விதியில் பிழை. பழக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் முதல் கோடை விடுமுறைக்குக் கள்ளக்குறிச்சிக்கு என் வீட்டுக்கு வரும் அக்காள் பிள்ளைகள் வரை எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். இது தவறு என்பது என் வாதம். நல்ல கேரக்டர்கள் பலவற்றை இந்தத் தீர்ப்பு பிறக்கவே விடுவதில்லை.

விளையாட்டை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு மூலம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாள்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். பலம், அறிவு, சுறுசுறுப்பு என்பது போன்ற 6 குணங்களுக்கு எண் உண்டு. நினைத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

சமபலம் இல்லையென்றால் நியாயம் இல்லை என்பது முதல் வாதம். இதற்குப் பதில் நம் திண்ணையிலேயே கீறிக்கிடக்கிறது. ஆடுபுலி ஆட்டத்தில் புலி 3, ஆடு 15, கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் 23. புலிகள் தொடக்கத்திலேயே களத்தில் நிற்கும். ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் இறக்க வேண்டும். கடைசி ஆடு இறங்கும்வரை முன்னால் இறங்கிய எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ முதல் ஆடு இறங்கியதுமே நடமாடத் தொடங்கிவிடும். நேர்க்கோட்டில் ஆட்டுக்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் தாண்டி வெட்டும். ஆடு யாரையும் வெட்ட முடியாது. எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆட்டுக்கு இருப்பது ஒரே வழி: ஒன்றன் பின் ஒன்றாக முட்டுக்கொடுத்து நின்று புலியை நகரவிடாமல் கட்டிப்போடுவது.

காயோடு காயை வைத்துப் பார்த்தால் ஒரு புலிக்கு ஓர் ஆடு எந்த வகையிலும் ஈடில்லை. ஆனாலும் கோயில் மண்டபத் தரையிலும் பாறையிலும் இந்தக் கோடுகளைக் கீறித் தலைமுறை தலைமுறையாக ஆடியிருக்கிறார்கள். ஆட்டுப்பக்கம் உட்கார்ந்தவரைப் பார்த்துப் பாவம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. விவரம் தெரிந்த பெரியவர்கள் ஆட்டைத்தான் கேட்டு வாங்குவார்கள். நேபாளத்தில் இதன் உறவான பாக்சால் இருக்கிறது. 25 புள்ளிகள், 4 புலி, 20 ஆடு. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதைக் கணினியில் அலசி, இரு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் ஆட்டம் சரிசமமாக முடியும் என்று நிறுவினார்கள். காய்களில் சமம் என்பதே இல்லாத ஓர் ஆட்டம் முடிவில் சமமாக நிற்கிறது.

விதிகளைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று நான் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லா ஆடும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது என்ற ஒரே விதியைத் தளர்த்திப் பாருங்கள், புலிக்கு இரை கிடைப்பது அரிதாகிவிடும். அவ்வளவு நுட்பமாக முடுக்கிய விதி அது. ஆளுக்கு 9 காய் என்று பங்கு பிரித்து இதைச் சரிசெய்ய வருகிறவர் கையில் மிஞ்சுவது வேறு ஏதோ ஓர் ஆட்டம்.

இரண்டாவது வாதம், புள்ளிக்கணக்கு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், விரும்பினால் பகடைக்குப் பதிலாக 27 புள்ளிகளைச் செலவழித்து 6 குணங்களையும் வாங்கிக்கொள்ளலாம். எல்லோருக்கும் அதே 27 என்பதால் எல்லோரும் சமம் என்கிறார்கள். என் மேசையில் அக்காள் பிள்ளைகளோடும் அப்படித்தான் தொடங்கினோம். பெரிய மருமகன் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் போட்ட வீரனை எழுதினான். அவன் தங்கை மலையில் தேன் எடுக்கும் பெண்ணை எழுதினாள். பலம் 8 தான், மற்ற புள்ளிகளைச் சுறுசுறுப்பிலும் கூர்ந்த புலனிலும் போட்டாள். முதல் நாள் கதை தியாகதுருகம் கோட்டை வாசலில் நடந்தது. வீரன் ஒருவனே எதிரிகளை அடித்துத் துவைத்தான். “இது பேலன்ஸே இல்ல மாமா” என்று அவள் தாளைத் தள்ளி வைத்துவிட்டாள்.

நான் எண்களில் கை வைக்கவில்லை. மறுநாள் கதையை மலைக்கு நகர்த்தினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வெள்ளிமலைக்கு ஏறும் காட்டுவழி. அந்த விளையாட்டில் கனமான இரும்புக் கவசம் போட்டவர் ஒளிந்து நகர முயன்றால் பகடையை இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். கடுக்காய் மரங்களுக்கிடையே வீரன் வைத்த ஒவ்வொரு அடியும் எதிரிக்குக் கேட்டது. பாறை இடுக்கில் தேனடையைப் பார்த்து வழி கண்டுபிடித்ததும், அருவிச் சத்தத்தில் மறைந்து முன்னே போய் ஆள் எண்ணி வந்ததும் அவள்தான். இரண்டு நாளும் அதே இரண்டு தாள்கள், அதே 27 புள்ளிகள். மாறியது நிலம் ஒன்றுதான். தாளை மட்டும் பார்த்துச் சமநிலையை அளப்பவர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

மூன்றாவது வாதம்தான் என்னை மிகவும் வருத்துவது. ஒன்று கூடினால் ஒன்று குறைய வேண்டும், அதுதான் சமன் என்கிறார்கள். கேட்பதற்குக் கணக்குப் போலத்தான் இருக்கிறது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் பாதி மனிதன், பாதி ஓர்க் இனமான ஒரு பாத்திரத்துக்குப் பலத்தில் 2 கூட்டல். அறிவில் 2 கழித்தல், பிறரைக் கவரும் தன்மையிலும் 2 கழித்தல். பிறவியாலேயே ஒருவன் பலசாலி என்பதால் அவன் மந்தமானவனும் ஆகிவிட வேண்டும் என்று தராசு சொன்னது. கற்பனை இனம்தானே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் எங்கள் மேசையில் இளைய மருமகன் ‘மலைவாசி’ என்று ஒரு கேரக்டர் எழுதி, பலம் கூட்டி, “பேலன்ஸுக்காக” அறிவைக் குறைத்துக்கொண்டு வந்தபோது என்னால் விடமுடியவில்லை.

கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சரிவு நிலத்தில் சாமையும் தினையும் மரவள்ளியும் விளைவிப்பவர்கள். எந்தச் சரிவில் எந்த விதை நிற்கும், எந்த மரம் எப்போது காய்க்கும், எந்த ஓடை எந்த மழைக்குப் பொங்கும் என்று தெரியாமல் அந்த மலையில் ஒரு வருடம்கூட ஓட்ட முடியாது. அதை அறிவு என்று எழுதாமல் வேறென்ன என்று எழுதுவது? இதை அவனிடம் சொன்னேன். தாளை வாங்கி அவனே அழித்து எழுதினான். அந்த விளையாட்டை வெளியிடுகிறவர்களும் மெல்ல மெல்ல இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். 2020இல் இனத்தோடு வரும் கூட்டலை விரும்பிய குணத்துக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். 2024இன் புதிய விதிப்புத்தகத்தில் அந்தக் கூட்டல் பிறப்பை விட்டு நீங்கி, அந்தப் பாத்திரம் வளர்ந்த, தொழில் பார்த்த பின்னணியோடு சேர்ந்துவிட்டது. சமநிலை என்ற பெயரில் உள்ளே நுழைந்த ஒரு பழைய இழிவை வெளியேற்றப் பல ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

பலமில்லாத கேரக்டரை யார் விரும்பி எடுப்பார்கள் என்று கேட்கிறார்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்த ஊர்க்காரர்களிடம் கேட்கக்கூடாத கேள்வி இது. கிரீடமும் புஜகீர்த்தியுமாகக் கட்டை வேடம் கட்டி வரும் துரியோதனனுக்கு முன்னால், ஆயுதமோ ஆபரணமோ இல்லாத கட்டியங்காரன் நின்று அரசனையே கேள்வி கேட்கிறான். பாண்டவர் ஐவரைப் பாருங்கள். வீமனுக்கும் சகாதேவனுக்கும் ஒரே புள்ளியைக் கொடுத்தால் இருவருமே கெட்டுப்போவார்கள். களப்பலிக்கு நாள் பார்த்துத் தரச்சொல்லித் துரியோதனன் வந்து நிற்பது எதிரணியில் இருக்கும் சகாதேவனிடம். சகாதேவன் பொய் சொல்லாமல் அமாவாசையைக் குறித்துக் கொடுத்துவிடுகிறான். அந்த ஒரு சொல்லைச் சமாளிக்கக் கண்ணன் அமாவாசையையே ஒருநாள் முன்னால் வரவழைக்க வேண்டியதாகிறது. கதாயுதத்தை ஒருமுறைகூடச் சுழற்றாமல் சகாதேவன் போரின் போக்கைத் திருப்பிவிடுகிறான்.

அரவான் இன்னும் ஒரு படி மேல். போர் தொடங்கும் முன்பே அந்தக் களப்பலிக்கு ஆளாகிவிடும் பாத்திரம் அவன். விதிப்புத்தகக் கண்ணால் பார்த்தால் ஆட்டத்திலேயே இல்லாதவன். ஆனால் 32 இலட்சணமும் பொருந்தியவனாக அவன் சம்மதித்துத் தன்னைக் கொடுக்காவிட்டால் பாண்டவருக்கு வெற்றியே இல்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் கூத்தாண்டவராக அவனைக் கொண்டாடுகிறார்கள். ஆயிரக்கணக்கான திருநங்கைகள் வந்து அவன் பேரில் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து ஒப்பாரி வைத்து அழுகிறார்கள். பாரதத்தின் மகாரதர்கள் எத்தனையோ பேர். இப்படி அழுவதற்கு ஆள் உள்ளவன் அரவான். கேரக்டர் உருவாக்கம் கற்க விரும்புகிறவர் ஒருமுறை அங்கே போய் நின்று பார்க்க வேண்டும்.

எதிர்த்தரப்பு சொல்வதில் ஒன்று உண்மை, அதை மறைக்க மாட்டேன். மூன்றாம் பதிப்பில் மந்திரவாதி வளர வளர வாள்வீரன் பக்கத்தில் நிற்கும் ஆளாகிப்போனான். ஆடியவர்கள் குறைப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் காரணத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும். 1978இன் விதிப்புத்தகத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் வேறுவேறு அனுபவப் பட்டியல் இருந்தது. திருடன் 1,250 அனுபவப் புள்ளிகளைத் தாண்டினால் இரண்டாம் நிலை. பூசாரிக்கு 1,500, வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. தொடக்கத்தில் ஒரே ஒரு மந்திரத்தோடு அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தான். 2000இல் எல்லோருக்கும் ஒரே பட்டியல் வந்தது, சமம் என்ற பெயரில்தான். அதற்குமேல் பூட்டைத் திறக்க ஒரு மந்திரம், மறைய ஒன்று, பறக்க ஒன்று, சண்டைக்கு மிருகத்தை அழைக்க ஒன்று என்று மந்திரவாதி திருடன் வேலையையும் வீரன் வேலையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டான். வீரனை நோகடித்தது மந்திரவாதியின் பலம் என்பதைவிட, தன் வேலை பறிபோனதுதான்.

2008இன் நான்காம் பதிப்பு இதற்குக் கண்ட மருந்து, எல்லாத் தொழிலையும் ஒரே அச்சில் வார்ப்பது. நினைத்தபோது செய்வன, மோதலுக்கு ஒருமுறை செய்வன, நாளுக்கு ஒருமுறை செய்வன என்று வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே சட்டகம். சண்டைக் காட்சிகள் சீராக நடந்தன, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரை எடுத்தாலும் ஒரே ஆளை ஆடுவது போலிருக்கிறது என்ற குறை பரவலாக எழுந்தது. ஐந்தாம் பதிப்பில் அந்த ஒரே அச்சைக் கைவிட்டார்கள்.

பகடை உருட்டிக் குணம் நிர்ணயிப்பது அநியாயம் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. பூஜ்யம் முதல் மூன்று வரை குறித்த இரண்டு பித்தளைக் கட்டைகளை உருட்டினால் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்புதான். அது விழாமல் காய் இறங்காது என்ற விதியோடு நம் வீட்டுப் பெண்கள் தலைமுறைகளாகத் தாயம் ஆடுகிறார்கள். காத்திருப்பவருக்கும் அந்த ஆட்டத்தில் இடம் இருக்கிறது.

மேசை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. யாராவது பேலன்ஸ் இல்லை என்று தாளைத் தள்ளி வைத்தால், உடனே எண்ணைக் கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். இந்தப் பாத்திரத்தால் மட்டுமே ஆகக்கூடிய வேலை கதையில் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் அதை உண்டாக்குவது உங்கள் பொறுப்பு. வேறொருவர் அந்த வேலையையும் பிடுங்கிக்கொண்டிருந்தால், அங்கேதான் விதியைத் திருத்த வேண்டும்.

தேன் எடுக்கும் பெண்ணின் பலம் இன்றும் 8 தான். அதைக் கூட்டித் தரச்சொல்லி என் மருமகள் அதன்பிறகு கேட்கவில்லை.