பழையதும் அப்பளமும்: சோம்பேறி யார்?

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் நம் கல்லிடைக்குறிச்சி வீடொன்றில் புதிதாக உலை வைக்காமல், பழைய சோறும் முந்திய நாள் சுண்டக்கறியும் நான்கு பொரித்த அப்பளமும் மட்டும் பரிமாறப்பட்டால், உடனே எழும் சொல் ‘சோம்பல்’ என்பதாகும். மாலையில் கடை மாவில் தோசை வார்க்கப்பட்டால் பழி இன்னும் கூடுகிறது. இப்பழியைச் சுமத்துவோருள் பெரும்பாலோர் அந்த வாரத்தில் ஒரு நாளேனும் அடுப்பைப் பற்றவைத்தவரல்லர். இது அநீதியான பழி என்பதே நம் வாதம்.

விடுதலைப் பயண நூலின் 16-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பாலைநிலத்தில் பொழிந்த மன்னாவை மறுநாளைக்கென்று ஒளித்து வைத்தபோது அது புழுத்து நாறியது. ஆறாம் நாளிலோ இருமடங்கு சேகரித்துச் சமைத்து, மீந்ததை மறுநாளுக்கு வைக்குமாறு மோசே பணித்தார், அது கெடவில்லை. ஆக, இறைமக்கள் கடைப்பிடித்த ஓய்வுநாளின் உணவே பழையதுதான்! பேராசையால் பதுக்கியது அழுகிற்று; ஓய்வுக்காகச் சேமித்தது நிலைத்தது. அதே நூலின் 20-ஆம் அதிகாரத்தில் வரும் கட்டளை, பணிப்பெண்ணுக்கும் கால்நடைக்கும்கூட ஓய்வளிக்கிறது. உழவு மாட்டுக்குக் கிடைத்த ஓய்வை வீட்டுத் தாய்க்கு மறுப்பது எவ்வகை நீதி?

“ஞாயிறு ஆண்டவரின் நாள், அன்று விருந்துண்ண வேண்டாவா?” என்று கேட்பார் உளர். உண்ணலாம். ஆனால் அந்த விருந்துக்காகத் திருப்பலியின்போதே ஒருத்தியின் நெஞ்சம் அடுப்படிக்கு ஓடுமானால், அது யாருடைய விழா? 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, தன் 1247-ஆம் விதியில், வழிபாட்டிற்கும் அந்நாளின் மகிழ்ச்சிக்கும் உள்ளத்தின், உடலின் ஓய்விற்கும் தடையான வேலைகளை விலக்கச் சொல்கிறது. பெண்களுக்கு அங்கே விதிவிலக்கு எழுதப்படவில்லை. தொழிலாளர்க்கு ஞாயிறு ஓய்வு வேண்டுமெனத் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இலேயே முழங்கினார். அக்குரல் ஆலைக்குள் நுழைந்தது. அடுக்களைக்குள் இன்னும் நுழையவில்லை. 2019-இல் நடுவண் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்டோருள் பெண் ஒருத்தி நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண் ஒருவன் 97 நிமிடங்களும் செலவிட்டனர். இனிச் சொல்லுங்கள், சோம்பேறி யார்?

பொட்டல உணவை நாள்தோறும் உண்பதை நாம் ஆதரிக்கவில்லை. உப்பும் எண்ணெயும் மிகுந்த பழக்கம் உடலைக் கெடுக்கும். ஆனால் முன்கூட்டிச் செய்து வைத்து நினைத்தபோது உண்ணும் உணவு நேற்று வந்த நாகரிகமன்று. தாமிரபரணிக் கரையிலுள்ள நம் ஊரின் பெயரை நாடறியச் செய்ததே அத்தகைய பண்டமான அப்பளம்தானே! உளுந்து மாவைப் பிசைந்து, இடித்து, உருட்டி, வட்டமாய் இட்டு, உலர்த்தி எடுக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகளே. நம் வீட்டில் நொடியில் பொரியும் அப்பளத்தில் வேறொரு வீட்டுப் பெண்ணின் முதுகுவலி மறைந்திருக்கிறது. எனவே அவளிடம் பேரம் பேசி நாலு காசு குறைப்பவன், தன் வீட்டாளின் ஓய்வுக்குரிய விலையை இன்னொருத்தியின் மேல் ஏற்றுகிறான். ஒருத்தியை இளைப்பாற்ற மற்றொருத்தியைப் பிழிவது ஓய்வுநாளாகாது.

ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின் மீந்த துண்டுகளை வீணாக்காமல் சேர்த்து வைக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். பன்னிரு கூடைகள் நிறைந்தன. அவரே மதித்த மிச்சத்தை நாம் இழிவெனக் கருதலாகாது. ஆதலால் குடும்பத் தலைவர்களே, வரும் ஞாயிறன்று பழையது வந்தால் முகம் சுளிக்காமல் நன்றியோடு உண்ணுங்கள். சூடாகத்தான் வேண்டுமெனில் நீங்களே அடுப்பைப் பற்றவையுங்கள். உண்டு முடித்ததும் தட்டை எடுத்துக் கழுவுங்கள். அதைக்கூடச் செய்ய மனமில்லாதவர் பிறரைச் சோம்பேறி என்று அழைக்கும் உரிமையை இழக்கிறார்.