சுடாத துப்பாக்கியும் சொன்னபடி கேட்காத மவுஸும்

கம்ப்யூட்டரில் எது தகராறு செய்தாலும் "வைரஸா இருக்கும், ஃபார்மேட் பண்ணிடலாம்" என்பது நம் ஊர்களில் பழகிப் போன வைத்தியம். இதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

எங்கள் சங்கரன்கோவிலில் பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் ஒரு கிளிக் செய்தால் இரண்டு கிளிக் விழுந்தது. ஃபோல்டரைத் தொட்டாலே திறந்துகொள்ளும். ஃபைலை இழுத்தால் பாதி வழியில் நழுவிவிடும். கடைக்குக் கொண்டு போனார். ஃபார்மேட் செய்து கொடுத்தார்கள். ஆடித்தபசுக்கு எடுத்த குடும்பப் படங்கள் அத்தனையும் போயின. வீட்டுக்கு வந்து பார்த்தால் மவுஸ் அதே வேலையைத்தான் செய்தது! "படமும் போச்சு, பணமும் போச்சு தம்பி, நோய் மட்டும் போகல" என்றார்.

எலெக்ட்ரிக் ஏர்சாஃப்ட் துப்பாக்கி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி. ஜப்பானின் டோக்கியோ மாருய் நிறுவனம் 1991-ல் இந்த வகையை அறிமுகப்படுத்தியது. உள்ளே பேட்டரி, மோட்டார், பல்சக்கரங்கள், பிஸ்டன் எல்லாம் உண்டு. அது சுடவில்லை என்றால், பழகியவர்கள் உடனே ஸ்குரூ டிரைவரைத் தேட மாட்டார்கள். காதைத் தீட்டிக்கொண்டு ட்ரிகரை அழுத்துவார்கள். சத்தமே இல்லையா? பேட்டரி, ஃப்யூஸ், வயர் இணைப்பு, ட்ரிகர் காண்டாக்ட். மோட்டார் சுற்றியும் பிஸ்டன் அடிக்கவில்லையா? பல்சக்கரம் அல்லது பிஸ்டன். எல்லாம் ஓடியும் குண்டு வரவில்லையா? குண்டு நிரப்பும் மேகசின் பக்கம் பாருங்கள். எங்கள் ஊர் விசைத்தறிக்காரர்களும் இப்படித்தான். தறி நின்றதும் மோட்டாரைக் கழற்றுவதில்லை. ஊடை நூல் அறுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

மவுஸும் ஒரு ட்ரிகர்தான். இடது பட்டனுக்கு அடியில் மைக்ரோ ஸ்விட்ச் என்ற சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று காண்டாக்ட்டைத் தொட்டுத் தொட்டு விலகும். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். துப்பாக்கியின் ட்ரிகர் காண்டாக்ட் கெடுவது மிகுதியான மின்சாரத்தால்; ஒவ்வொரு முறையும் பொறி பறந்து கருகிவிடும். அதனால்தான் பலர் அங்கே மாஸ்ஃபெட் பொருத்துகிறார்கள். மவுஸிலோ ஓடும் மின்சாரம் மிகக் குறைவு. காண்டாக்ட்டில் படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தை எரித்துத் தள்ளக்கூட அதற்குத் தெம்பு போதாது. தகடும் தளர்ந்துபோனால் தொடர்பு விட்டு விட்டு வரும். கம்ப்யூட்டர் அதை இரண்டு கிளிக் என்று எண்ணிக்கொள்கிறது. பாவம், விண்டோஸ் என்ன செய்யும்?

சோதிப்பது சுலபம். வயர்லெஸ் மவுஸ் என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'சிங்கிள் கிளிக்' தேர்வாகியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். பிறகு மவுஸ் செட்டிங்கில் இடது, வலது பட்டன்களை இடம் மாற்றுங்கள். இப்போது வலது பட்டன் ஒழுங்காக வேலை செய்து, இடது பட்டன் மட்டும் தொடர்ந்து முரண்டு பிடித்தால் குற்றவாளி அகப்பட்டான்! சந்தேகம் தீராவிட்டால் அதே மவுஸை வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கேயும் இதே கதைதான் என்றால் ஹார்டு டிஸ்க்கை யாரும் தொட வேண்டிய அவசியம் இல்லை.

சாலிடரிங் தெரிந்த ரேடியோ மெக்கானிக் மூன்று கால் உள்ள அந்த ஸ்விட்சை மாற்றித் தருவார். சாதாரண மவுஸ் என்றால் புதிதே வாங்கிவிடலாம். தேங்காய் எண்ணெய் விடுகிற வேலை மட்டும் வேண்டாம். தூசியை இழுத்து ஒட்டிக்கொள்ளும்.

ஃபார்மேட் செய்ய வேண்டிய நேரங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கடைக்காரராவது அப்படிச் சொன்னால், "எதைச் சோதித்துப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, முதலில் படங்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்துகொள்ளுங்கள்.