பெயர் காட்டும் உறவும் மரபு காட்டும் உறவும்

ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலேயர், வளம் குன்றிய மணல் நிலங்களில் சிற்றிலையும் குழல்வடிவப் பூவும் கொண்ட புதர்களைக் கண்டபோது, தாயகத்தில் பழகிய ‘ஹீத்’ என்னும் பெயரையே அவற்றுக்கும் இட்டனர். விக்டோரியா மாநிலம் 1958இல் தன் மலராக அறிவித்த எபாக்ரிஸ் இம்ப்ரெஸ்ஸா அத்தகைய புதரே.

தாவரவியலாளர் இவ்விரண்டையும் பிரித்தே வைத்தனர். ராபர்ட் பிரௌன் 1810இல் ஆஸ்திரேலியப் புதர்களைத் தனிக் குடும்பமாக வகுத்தார். பெந்தமும் ஹூக்கரும் (1862–1883) அவ்வாறே கொண்டனர். வேறுபாடு கண்கூடானது: ஹீத்துகளின் மகரந்தப்பை பெரும்பாலும் துளைவழித் திறக்கும், எபாக்ரிஸ் வகையினதோ நீளவாட்டில் பிளக்கும். ஆயினும் 1990களின் டி.என்.ஏ. ஆய்வுகள், இப்புதர்கள் ஹீத் குடும்பமாகிய எரிகேசியேயின் உட்கிளையே என்று காட்டின. எபாக்ரிடேசியே இன்று தனிக் குடும்பமன்று; துணைக்குடும்பம்.

குடியேறியவரின் கண் அறிஞரை வென்றது என இதிலிருந்து முடிவுகட்டுவது எளிது, ஆனால் தவறு. நீலகிரியின் ரோடோடென்ட்ரானுக்குத் தமிழில் காட்டுப் பூவரசு என்று பெயர். பெயரிடும் முறை அதுவே: அறிந்ததன் பெயரை அறியாததற்கு நீட்டுதல். ஆனால் பூவரசு பருத்தியின் குடும்பம், ரோடோடென்ட்ரான் எரிகேசியே. காட்டுப் பூவரசு பூவரசுக்கு உறவன்று. கடல்கடந்த எபாக்ரிஸுக்கே உறவு. ஓரிடத்தில் பொருந்திய முறை மற்றோரிடத்தில் பிழைத்தது. ஆகவே ஒப்புமை என்பது ஆராயத் தூண்டும் கருதுகோள், சான்றன்று.

மொழியியலுக்கு இப்பாடம் புதிதன்று. தமிழில் வழங்கும் வடசொற்களின் எண்ணிக்கை அதன் குடும்பத்தைத் தீர்மானிக்கவில்லை. எல்லிஸ் 1816இலும் கால்டுவெல் 1856இலும் கடன்பெற்ற சொற்களை விலக்கி, வேர்களையும் இலக்கண அமைப்பையும் நோக்கியே திராவிட உறவை நிறுவினர்.

இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் பெந்தம்–ஹூக்கர் வகைப்பாடு இன்றும் கற்பிக்கப்படுகிறது. அதில் குற்றமில்லை, உலர்தாவரத் தொகுப்புகள் பல அவ்வரிசையிலேயே அடுக்கப்பட்டுள்ளன. ஆண்டும் காரணமும் சொல்லாமல், அதையே இறுதி உண்மையாக ஒப்பிக்கச் செய்வதே குற்றம். ‘குடும்பம்’ என்பது ஒரு வாதம்; அதற்குச் சான்று உண்டு, அது மாறவும் கூடும். எபாக்ரிடேசியே என்னும் பெயரைப் பாடத்திலிருந்து நீக்குவதைவிட, அது ஏன் எழுந்தது, ஏன் வீழ்ந்தது என்று கற்பிப்பதே மாணவருக்குப் பயன் தரும்.