இன்னைக்கு காய் என்ன விலை?

போடியில் ஸ்பைசஸ் போர்டின் ஏல மையத்தில் ஏலக்காய்க்கு விலை வைக்கும் வியாபாரிகள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு கம்ப்யூட்டர். திரையில் சரக்கின் விவரம் வரும், விரல் தட்டும், விலை ஏறும். டன் கணக்கில் காய் கைமாறிவிடும். வெளியே வந்து டீ குடித்தால், எவ்வளவு பணம் வந்தது என்று கல்லாவில் இருக்கும் சின்னப் பெட்டி தமிழில் உரக்கச் சொல்கிறது. மனிதருக்குப் பதிலாக இயந்திரம் பேசுவது இந்த ஊருக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் பேச்சு போன ஒருவர் போனை நீட்டி அதைப் பேசவைத்தால் மட்டும் நம் முகம் மாறுகிறது. "பாவம்" என்கிறோம். அவரிடம் கேட்க வேண்டியதைக் கூட வந்தவரிடம் கேட்கிறோம்.

எங்கள் பகுதியில் ஒரு மதினி. ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவர். எட்டு மில்லி காய் எது, ஏழு மில்லி காய் எது என்று சல்லடைக்குப் போகும் முன்பே கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவார். வாதம் வந்ததில் வலது கையும் பேச்சும் ஒரே நாளில் போயின. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு வந்தால் பெரும்பாலும் இப்படித்தான். வலப்பக்கம் தளரும், கூடவே சொல்லும் போகும். டாக்டர்கள் அஃபேசியா என்பார்கள். சொந்தக்காரர்கள் "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றார்கள். புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. நினைப்பு உள்ளே இருக்கிறது, அதற்குரிய சொல் நாக்குக்கு வரவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் என்று கேட்க முடியாத அதே மதினி, ஒன்று, இரண்டு, மூன்று என்று மளமளவென்று எண்ணுவார். பழைய பாட்டை வார்த்தை பிசகாமல் பாடுவார். வருஷக்கணக்கில் வாய்க்குப் பழகிய வரிசைகள் இந்த நோயில் தப்பிவிடுவது உண்டு. அது தெரியாமல் "இவ நடிக்கிறா" என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். கேட்கவே வேதனையாக இருந்தது.

இவருக்கு எழுதிக் காட்டும் வழியும் இல்லை. பேச்சோடு எழுத்தும் கலைந்துவிட்டது. பேரன்தான் தன் பழைய போனைப் படப்பலகை ஆக்கினான். முதலில் எங்கிருந்தோ எடுத்த கார்ட்டூன் படங்களை வைத்தான். மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு வீட்டிலிருந்தே படம் எடுத்தான்: அவருடைய வெந்நீர்ச் சொம்பு, மாத்திரை அட்டை, பாத்ரூம் கதவு, வாசல் திண்ணை. "வலிக்குது" என்பதற்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு தன்னையே எடுத்துக்கொண்டான். தொட்டால் அவன் குரலில் "அப்பத்தாவுக்கு வெந்நி குடு" என்று வரும். இடது கை அதற்குப் போதும்.

அப்படியும் ஏதோ குறைகிறது என்று மதினி கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒருநாள் பக்கத்து வீட்டு வாசலில் கிடந்த ஏலக்காய் மூட்டையைக் காட்டிப் பேரன் கையைப் பிடித்து இழுத்தார். இப்போது அந்த மூட்டையும் போனில் இருக்கிறது. தொட்டால், "இன்னைக்கு காய் என்ன விலை?" வருகிறவர்கள் எல்லாரிடமும் அதைக் கேட்கிறார். மற்ற எந்தப் படத்தையும்விட அந்த மூட்டையைத்தான் அதிகம் தொடுகிறார்.

பேச முடியாதவருக்குத் தண்ணீர், சோறு, பாத்ரூம் மூன்றும் இருந்தால் போதும் என்று நாமாக முடிவு செய்துவிடுகிறோம். ஊர் நியாயம் பேசவும், விலை விசாரிக்கவும், "வேண்டாம்", "சும்மா இரு" என்று அதட்டவும் அவருக்கு வழி வேண்டாமா? யாராவது இப்படிப் படப்பலகை செய்தால் "வேண்டாம்" என்பதை முதல் வரிசையிலேயே வையுங்கள்.

இப்படிப் பேசும் படப்பலகையைப் பெரிய அளவில் செய்தவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக 1985-ல் தொடங்கப்பட்ட வித்யா சாகர் அமைப்போடு சேர்ந்து, சென்னை ஐஐடியில் படித்த அஜித் நாராயணன் உருவாக்கியது 'ஆவாஸ்'. படங்களைத் தொட்டு வாக்கியம் அமைத்தால் கருவி பேசும். அதற்கு முன்பு இப்படிப்பட்ட கருவிகள் வெளிநாட்டிலிருந்து லட்சக்கணக்கில் விலை கொடுத்து வரவழைக்க வேண்டியிருந்தது; அவை பேசியதும் ஆங்கிலம். தனிக் கருவியாக வந்த ஆவாஸ் பிறகு செயலியானது, தமிழும் பேசுகிறது. 2011-ல் எம்ஐடியின் டெக்னாலஜி ரிவ்யூ இதழ் உலகின் 35 இளம் கண்டுபிடிப்பாளர்களில் ஒருவராக அஜித்தைத் தேர்ந்தெடுத்தது. இதே போன்ற, மும்பை ஐஐடியின் 'ஜெல்லோ' செயலி இலவசம்.

தொண்டைப் புற்றுநோயில் குரல்வளையை எடுத்தவர்கள் கதை வேறு. அவர்களுக்கு எழுத்து அப்படியே இருக்கும். போனில் தட்டினால் போன் படிக்கும். குரலையே ஓரளவு மீட்கும் கருவியும் உண்டு. ஆயிரக்கணக்கில் விற்ற அதை 50 ரூபாய்க்குச் செய்து காட்டியவர் பெங்களூரு புற்றுநோய் மருத்துவர் விஷால் ராவ்.

போடிமெட்டு தாண்டி கேரளத்துப் பூப்பாறை, சாந்தன்பாறை எஸ்டேட்டுகளுக்குத் தினமும் ஜீப்பில் ஏறுகிறவர்களில் போன் மூலம் பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் போய்விடும். ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் டெக்ஸ்ட்-டு-ஸ்பீச் பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரலை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் பேசும். மலையாளக் குரலையும் இறக்கிக்கொள்ளுங்கள். மேலே கங்காணிக்கும் கடைக்காரருக்கும் அது தேவைப்படும். பேச்சுவழக்கில் "வேணும்" என்று தட்டினால் அப்படியே படிக்கும். இலக்கணத் தமிழ் தட்ட வேண்டிய அவசியமில்லை.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குரல்வளை நீக்கத்தாலும் அஃபேசியாவாலும் நிரந்தரமாகப் பேச்சிழந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். எழுத்து, படம், சைகை, மாற்றுவழிப் பேச்சு எல்லாமே அந்தச் சட்டத்தின்படி தகவல் தொடர்புதான். போனை நீட்டுகிறவரை "பேசத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்புவது முறையல்ல.

போடி அரசு மருத்துவமனை, தாலுகா அலுவலகம், வங்கி, ரேஷன் கடை ஒவ்வொன்றிலும் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு படத்தாள் தொங்க வேண்டும். வலி, மாத்திரை, பணம், அரிசி, ஆமாம், வேண்டாம், இன்னொரு முறை சொல்லுங்கள். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து லேமினேட் செய்தால் முடிந்தது, சார்ஜும் தேவையில்லை. தேனி மாவட்ட நிர்வாகம் இதை இந்த மாதமே செய்யலாம்.