வீட்டைப் படம் பிடித்துப் பார்!

(சிவில் பிரிவு, மூன்றாம் ஆண்டு மாணவன்)



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இன்றைக்கு அவர்கள் இருந்திருந்தால் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்: "வீட்டைப் படம் பிடித்துப் பார்!" இப்போதெல்லாம் வீடு வாங்குகிறவர் முதலில் வாசற்படியை மிதிப்பதில்லை. செல்போனில் வந்த படத்தைத்தான் பார்க்கிறார். அதிலும் முதல் படம், நாம் எலிவேஷன் என்று சொல்கிற வீட்டின் முகப்பு. அது பிடித்தால்தான் அடுத்த படத்துக்கே விரல் நகரும்!

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்யாண போட்டோகிராபருக்குக் கையாளாகப் போகிறேன். முகூர்த்தமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அவருக்குச் சோறு போடுவது வீட்டு புரோக்கர்களும் பில்டர்களும்தான். அங்கே அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "ஃப்ளாஷ் போட்டு, நாலு படத்தை ஒண்ணாச் சேர்த்து ஏமாத்துறாங்கப்பா!" இதைச் சொல்கிறவர்களே, வானத்தை மாற்றி ஒட்டினால் "சூப்பர்!" என்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே தலைகீழ் நியாயம். ஃப்ளாஷும் பிராக்கெட்டிங்கும் கேமராவின் குறைக்கு வைத்தியம். வானத்தை ஒட்டுவதும் கம்பியை அழிப்பதும் வீட்டின் குறைக்குப் போடும் முகமூடி. வைத்தியத்தையும் முகமூடியையும் ஒரே தராசில் வைக்கலாமா? கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கேமராவுக்கு என்ன குறை?

உச்சி வெயிலில் ஒரு வீட்டின் எதிரே நின்று பாருங்கள். வானத்து மேகமும் தெரிகிறது, சுவரின் பெயிண்டும் தெரிகிறது, போர்ட்டிகோவுக்குள் இருட்டில் நிற்கும் சைக்கிளும் தெரிகிறது. நம் கண் ஒவ்வொன்றாகப் பார்த்து, அதற்கேற்பத் தன்னைச் சரி செய்துகொள்கிறது. மூளை எல்லாவற்றையும் ஒரே காட்சியாகக் கோர்த்துக் கொடுக்கிறது. கேமராவுக்கோ ஒரு கிளிக்குக்கு ஒரே ஒரு அளவுதான். வானத்துக்கு அளவு வைத்தால் போர்ட்டிகோ கரிக்கட்டை. போர்ட்டிகோவுக்கு வைத்தால் வானம் வெள்ளைத் தாள்!

இதில் நம்ம ஊருக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. வாஸ்து பார்க்கிறவர்கள் வடக்கு பார்த்த மனைக்கு ஆசைப்படுகிறார்கள். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும்தான் நண்பகல் சூரியன் தலைக்கு மேலே வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். மற்ற நாளெல்லாம் தெற்கேதான். மார்கழி, தை மாதங்களில் வடக்கு பார்த்த முகப்பில் நாள் முழுக்க ஒரு பொட்டு வெயில்கூட நேராக விழாது. வீட்டுக்குப் பின்னால் சூரியன், முன்னால் நிழல். விலை அதிகமான மனை, படத்தில் மட்டும் அழுதுவடியும்! கிழக்கு பார்த்த வீட்டுக்குக் காலையிலும், மேற்கு பார்த்த வீட்டுக்கு மாலையிலும் போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வடக்கு பார்த்த வீட்டுக்கு அந்த வழியும் இல்லை. அங்கேதான் பிராக்கெட்டிங் கைகொடுக்கிறது.

பிராக்கெட்டிங் என்பது இதுதான்

ட்ரைபாடில் கேமராவை அசையாமல் வைத்து, அதே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் வரிசையாக எடுப்பது. ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 என்று வைத்துக்கொண்டு, ஷட்டரை மட்டும் 1/1000, 1/250, 1/60, 1/15, 1/4 நொடி என்று மாற்ற வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் முந்தையதைவிட நாலு மடங்கு வெளிச்சம். முதல் படத்தில் வானம் நன்றாக இருக்கும், நடுப்படத்தில் சுவர், கடைசியில் போர்ட்டிகோவின் உட்புறம். பிறகு கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றிலும் நல்ல பகுதியை எடுத்துச் சேர்க்கிறோம். அப்பெர்ச்சரை மாற்றக் கூடாது. மாற்றினால் எது தெளிவு, எது மங்கல் என்பதும் சேர்ந்து மாறிவிடும். படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது.

இது ஒன்றும் நேற்றைய கம்ப்யூட்டர் வித்தை அல்ல. பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1850-களிலேயே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, இரண்டையும் சேர்த்து ஒரே பிரிண்ட் போட்டார். 1997-ல் பால் டெபெவெக் என்பவரும், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ஜிதேந்திர மாலிக்கும், இப்படி எடுத்த படங்களிலிருந்து ஒரு காட்சியின் உண்மையான வெளிச்ச அளவையே கணக்கிட்டு எடுக்கும் முறையை எழுதினார்கள். 2010-ல் ஐபோன் 4-க்கு இந்த வசதி வந்தது. இன்று நம் பாக்கெட்டில் இருக்கும் சாதாரண போன்கூட ஏறக்குறைய இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது.

"அப்போ போனே போதுமே, எதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்பீர்கள். போன் எந்த அளவில் சேர்க்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்கிறது. நீங்கள் செய்தால் முடிவு உங்களுடையது. அளவு மீறினால் பாராபெட் சுவரைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் வரும், சுவர் ரேடியம் ஸ்டிக்கர் மாதிரி மின்னும், வானம் மை கொட்டினாற்போல் இருக்கும். காற்றில் தென்னங்கீற்று ஆடினால் ஒன்று ரெண்டாகப் பேய் போலத் தெரியும். அந்த இடத்துக்கு மட்டும் ஒரே படத்தை வைத்துக்கொள்ள வேண்டும். கறிக்கு உப்பு மாதிரிதான் இதுவும்!

ஃப்ளாஷின் பலமும் பலவீனமும்

எலெக்ட்ரிகல் பிரிவு நண்பர்கள் இதைக் கவனிக்கவும். ஃப்ளாஷ் என்பது கெபாசிட்டரில் சேர்த்த மின்சாரம் கண் இமைக்குமுன் கொட்டித் தீர்வது. அதனால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஃப்ளாஷ் வெளிச்சம் மாறாது. ஷட்டரைக் கூட்டிக் குறைத்தால் மாறுவது சூரிய வெளிச்சம் மட்டுமே. அப்பெர்ச்சரைத் தொட்டால் இரண்டும் மாறும். ஃப்ளாஷ் கலையின் சூட்சுமம் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும்.

இனி பலவீனம். தூரம் இருமடங்கானால் வெளிச்சம் கால் பங்கு. கைடு நம்பர் 40 உள்ள நல்ல ஃப்ளாஷ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/250, எஃப் 11 வைக்க வேண்டியிருக்கும். பல கேமராக்களில் ஃப்ளாஷோடு அதற்கு மேல் ஷட்டர் வேகம் போகாது. 40-ஐ 11-ஆல் வகுத்தால் 3.6 மீட்டர், அதாவது 12 அடி. அதோடு சரி! தெருவுக்கு அந்தப் பக்கம் 10 மீட்டர் தள்ளி நின்று, வெயிலுக்குச் சமமாக வீட்டை வெளிச்சமாக்க ஏறக்குறைய 8 ஃப்ளாஷ் தேவை. கேமரா தலையில் ஒன்றை மாட்டிக்கொண்டு பகலில் வீட்டு முகப்பை நோக்கி அடிப்பது, கடலில் பெருங்காயம் கரைத்த கதை.

அப்படியானால் ஃப்ளாஷ் எதற்கு? அதைக் கேமராவிலிருந்து கழற்றி, இருட்டு இருக்கும் இடத்துக்கே கொண்டு போக வேண்டும். போர்ட்டிகோ தூணுக்குப் பின்னால் ஒளித்து வைத்து ட்ரிகரால் அடித்தால், 3 மீட்டருக்குள் அது ராஜா. உள்சுவரின் டைல்ஸ், தேக்குக் கதவு எல்லாம் உயிர் பெறும். அந்தி நேரம் இன்னும் நல்லது. ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 5.6 என்றால் அதே ஃப்ளாஷ் 14 மீட்டர் வரைக்கும் எட்டும். ஆனால் நம் பக்கத்தில் சூரியன் மறைந்த பிறகு அந்த நீல வெளிச்சம் 20, 25 நிமிடத்துக்கு மேல் நிற்காது. எல்லாம் தயாராக இருக்க வேண்டும். வீட்டு விளக்கு மஞ்சள், ஃப்ளாஷ் வெள்ளை. ஃப்ளாஷ் மூஞ்சியில் ஆரஞ்சு நிறத் தாள் ஒட்டினால் இரண்டும் ஒத்துப்போகும்.

உலகமே வியந்த ஒரு வீட்டுப் படம் இப்படித்தான் எடுக்கப்பட்டது. 1960-ல் லாஸ் ஏஞ்சலீஸ் மலைமேல் பியர் கோனிக் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய கண்ணாடி வீட்டை ஜூலியஸ் ஷுல்மன் இரவில் படம் பிடித்தார். வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, கீழே தெரியும் நகரத்து விளக்குகளுக்காகச் சுமார் 7 நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்தார். பிறகு வீட்டுக்குள் ஃப்ளாஷ் பல்பை எரியவிட்டார். ஒரே பிலிமில் இரண்டு வெளிச்சம்! இதை ஏமாற்று என்று யாராவது சொல்வார்களா? நகரமும் அங்கே இருந்தது, வீடும் அங்கே இருந்தது. கேமராவால் ஒரே நேரத்தில் பார்க்க முடியாததை ஷுல்மன் பார்க்க வைத்தார்.

எங்கே கோடு போடுவது?

லெ கிரே பற்றிச் சொன்னேன் அல்லவா? அவரிடம் இன்னொரு வேலையும் உண்டு. ஒரே வானத்து நெகட்டிவை வெவ்வேறு கடல் படங்களுக்கும் பயன்படுத்தினார். நியாயமான பிராக்கெட்டிங்கும், வானத்தை மாற்றி ஒட்டும் வித்தையும் ஒரே பட்டறையில் பிறந்த பிள்ளைகள்தான்! கலைப்படத்துக்கு அது போகட்டும். கடலை யாரும் விலைக்கு வாங்கப் போவதில்லை. வீட்டை வாங்குகிறார்களே!

எங்கள் சித்தப்பா மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீட்டுப் படத்தைப் பார்த்து 50 ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினார். நீல வானம், பச்சைப் புல், பளிச்சென்ற முகப்பு. நேரில் போய் நாங்கள் பார்த்தபோது வாசலுக்கு நேர் எதிரே ட்ரான்ஸ்பார்மர், மொட்டை மாடிக்கு மேலே மின்கம்பி, சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். படத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. அட்வான்ஸ் இன்று வரை திரும்பவில்லை. அது அவருக்கு ரெண்டு மாதச் சம்பளம். யாரோ ஒருவர் பத்து நிமிடத்தில் அழித்த அந்தக் கம்பி, இன்னொருவரின் ரெண்டு மாத உழைப்பை அழித்துவிட்டது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-வது பிரிவு, விளம்பரத்தில் உள்ள பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு பில்டர் ஈடு தர வேண்டும் என்கிறது. வாங்குகிறவர் விலகிக்கொள்ள விரும்பினால் வட்டியோடு பணத்தைத் திருப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது பேசுவது பில்டரிடம். பழைய வீட்டைக் கைமாற்றி விடுகிறவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே வாங்குகிறவருக்கு முதல் காவல் படம் எடுக்கிறவனின் மனசாட்சிதான்.

ஆகவே நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: அந்த இடத்தில் நின்று பார்த்தவன் கண்ணுக்கு அது தெரிந்ததா? தெரிந்திருந்தால் அதைப் படத்தில் கொண்டுவர எத்தனை பிராக்கெட் வேண்டுமானாலும் எடு, எத்தனை ஃப்ளாஷ் வேண்டுமானாலும் அடி. கண்ணுக்குத் தெரியாததைச் சேர்க்காதே. தெரிந்ததை அழிக்காதே. வாசலில் கிடக்கும் குப்பையைக் கூட்டலாம், கொடியில் காயும் துணியை எடுக்கலாம். அது விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குவது போல. மின்கம்பி, ட்ரான்ஸ்பார்மர், விரிசல், ஓதம் இவையெல்லாம் வீட்டோடு சேர்ந்து விற்கப்படுபவை. அவற்றைத் தொடக் கூடாது.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்கிறார்களே, வீட்டுக்கு ஒரு பொய் ஆகாதா? நான் செய்யலேன்னா இன்னொருத்தன் செய்யப் போறான்" என்று சில நண்பர்கள் வாதாடுவார்கள். சிவில்காரனைக் கேட்கிறேன்: கம்பி குறைத்துப் போடச் சொன்னால், இன்னொருத்தன் போடுவான் என்று நீயும் குறைத்துப் போடுவாயா? கட்டடத்துக்கு ஒரு நேர்மை, கட்டடத்தின் படத்துக்கு வேறு நேர்மையா?

உண்மையில் இந்தத் தொழில் நமக்குப் புதிதே அல்ல. சர்வே லேபில் ட்ரைபாடை ஊன்றிக் குமிழி நடுவில் நிற்கும்வரை லெவல் பார்த்தவர்கள் நாம். கேமராவையும் அப்படியே லெவலாக வைத்தால் சுவர்கள் தூக்குக்குண்டு பிடித்தது போல நேராக நிற்கும். அண்ணாந்து எடுத்தால் பின்னால் சாயும். திசை பார்க்க காம்பஸ் தெரியும், தூரம் அளக்க டேப் தெரியும். வகுத்தல் கணக்கு தெரிந்தால் ஃப்ளாஷும் தெரியும். படிப்புச் செலவுக்கு நாலு காசு பார்க்க, நம் கைக்கு எட்டிய வேலை இது.

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் ஒரே ஒரு நாள், நம் கல்லூரியின் மெயின் பிளாக்கை வைத்து இந்தப் பயிற்சியை நடத்துங்கள். அதுவும் வடக்கு பார்த்த கட்டடம்தான். மார்கழியில் வையுங்கள், கஷ்டம் முழுசாகத் தெரியட்டும். ஒரு கேமரா, ஒரு ட்ரைபாட், ரெண்டு ஃப்ளாஷ் போதும். எடுத்த படத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். போர்ட்டிகோ இருட்டுக்குள் இருக்கும் பெயர்ப் பலகையும் தெரிய வேண்டும், மழை பெய்து கறுத்துப்போன நம் கைப்பிடிச் சுவரும் தெரிய வேண்டும்.